யாருடைய உழைப்பில் ஊர்ப்பணி? திருச்சிராப்பள்ளி, திருவரங்கத்தின் மன்றங்களும் அடிமைமுறையின் நீட்சியும்

ஓர் ஊரின் மன்றம் பொதுப்பணி குறித்து முடிவெடுக்கும்போது இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும்: அந்தப் பணியின் பயன் யாருக்குச் சென்று சேரும் என்பது ஒன்று, அது யாருடைய உழைப்பால், என்ன நிபந்தனையின்பேரில் நடக்கும் என்பது மற்றொன்று. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில் அமைந்த திருவரங்கத்திலும், காவிரியின் தென்கரையில் பழைய உறையூரை உள்ளடக்கி வளர்ந்த திருச்சிராப்பள்ளியிலும் சோழர் காலச் சபைகள் முதல் இன்றைய மாநகராட்சி வரை முதற்கேள்விக்கான விடை கல்வெட்டிலும் தீர்மானப் புத்தகத்திலும் விரிவாக எழுதப்பட்டு வந்திருக்கிறது. இரண்டாம் கேள்வியோ அடிமை, வெட்டியாள், பண்ணையாள், தோட்டி, ஒப்பந்தத் தொழிலாளி எனப் பெயர்கள் மாறிய போதும் மன்றத்தின் விவாதத்துக்கு வெளியிலேயே நெடுங்காலம் நிறுத்தப்பட்டிருந்தது. இவ்விரு கேள்விகளும் பிரிந்து கிடந்த வரலாற்றையும், அவற்றை ஒன்றாகக் கேட்க வேண்டிய கட்டாயம் சட்டத்தின் வழியே மெல்ல உருவான விதத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் பொருள்.

சோழர் ஆட்சியில் காவிரிப் பகுதியின் உள்ளூர் நிருவாகம் மூவகை மன்றங்களைச் சார்ந்திருந்தது. வேளாண் குடிகள் வாழ்ந்த ஊர்களில் 'ஊர்' என்ற அவையும், பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட பிரமதேயங்களில் 'சபை' என்ற அவையும், வணிகர் குடியிருப்புகளில் 'நகரம்' என்ற அவையும் நிலம், நீர், வரி, கோயில் ஆகியவை குறித்து முடிவெடுத்தன. சபையின் அன்றாட வேலையை வாரியங்கள் எனப்பட்ட சிறு குழுக்கள் கவனித்துவந்தன; ஏரியைப் பேணுவது ஏரிவாரியத்தின் பொறுப்பு, தோட்டங்களைப் பார்ப்பது தோட்டவாரியத்தின் பொறுப்பு, பொன்னின் மாற்றைச் சோதிப்பது பொன்வாரியத்தின் பொறுப்பு. இம்முறையை மிக விரிவாகச் சொல்லும் சான்றுகள் தொண்டை மண்டலத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளாகும். முப்பது குடும்புகளாக, அதாவது முப்பது வட்டங்களாகப் பிரிக்கப்பட்ட ஊரில் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து உறுப்பினரைத் தேர்ந்த முறையும், முறைகேடு செய்தவர்களும் கணக்குக் காட்டாதவர்களும் மீண்டும் பொறுப்புக்கு வரக் கூடாது என்ற விதியும் எந்தக் காலத்தவரும் மதிக்கத் தக்கவை. ஆனால் அதே கல்வெட்டு, வாரியத்தில் இடம்பெறுபவர் கால்வேலிக்கு மேற்பட்ட வரிசெலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராகவும், வேதப் பயிற்சி பெற்றவராகவும், முப்பத்தைந்து முதல் எழுபது வயதுக்கு உட்பட்டவராகவும் இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. ஏரியைத் தூர்வாரும் முடிவை எடுப்பவரும் ஏரிக்குள் இறங்கி மண் சுமப்பவரும் ஒரே மன்றத்தில் அமர இவ்விதி இடம் வைக்கவில்லை. குடவோலை முறையைப் பெருமையோடு எடுத்துரைக்கும் பாடநூல்கள் இந்தத் தகுதி விதிகளையும் அதே முக்கியத்துவத்தோடு சொல்ல வேண்டும்.

மண் சுமந்தவர்களின் உழைப்பு சோழர் கல்வெட்டுகளில் வெட்டி, அமஞ்சி போன்ற சொற்களால் குறிக்கப்படுகிறது. கூலியின்றி, ஊருக்கோ அரசுக்கோ கடமையாகச் செய்து தீர வேண்டிய உடலுழைப்பு என்பதே அவற்றின் பொருள். கால்வாய்களையும் கரைகளையும் பேணும் பணியில் இவ்வுழைப்பு பெரிதும் பயன்பட்டது. இராசராசன் காலத்ததாகக் கருதப்படும் உய்யக்கொண்டான் வாய்க்கால் இன்றும் திருச்சிராப்பள்ளியின் நடுவே ஓடுகிறது. அத்தகைய கால்வாய் ஒன்று நூற்றாண்டுகள் கடந்து நிலைத்திருக்க ஆண்டுதோறும் எத்தனை ஆயிரம் கைகள் சேற்றை அள்ளியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால்தான் 'நீர் மேலாண்மை' என்று இன்று பாராட்டப்படுவதன் மறுபாதி புலப்படும். குடியிருப்பு அமைப்பிலும் இப்பிரிவினை எழுதப்பட்டிருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊர்களின் வரியில்லா நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தத்தையும் பறைச்சேரியையும் தனித்தனியே குறிப்பதோடு சுடுகாடுகளையும் தனித்தனியே குறிக்கின்றன. சேரியில் வாழ்ந்தோர் ஊரின் உழைப்பில் பங்குபெற்றனர், ஊரின் பொதுவசதிகளில் அதே அளவில் பங்குபெறவில்லை.

கடமை உழைப்புக்கு அப்பால், மனிதரையே விற்றும் வாங்கியும் வந்த அடிமைமுறையும் இருந்தது. கோயிலுக்கு விற்கப்பட்டவர்களின் பெயர்களும், விலையும், அவர்களது சந்ததியார் தலைமுறை தலைமுறையாகத் தொண்டாற்ற வேண்டும் என்ற நிபந்தனையும் கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டன. சிவன் கோயில்களில் அவர்களின் உடலில் சூல இலச்சினை இடப்பட்டதும் உண்டு. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201ஆம் ஆண்டில், இன்றைய திருவாரூர் மாவட்டத்துத் திருப்பாம்புரத்தில் ஒரு வேளாளர் தம்மையும் தம் இரு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலிடம் விற்றுக்கொண்ட நிகழ்வு இவ்வகைச் சான்றுகளுள் மனத்தை உலுக்குவது. பஞ்சத்தால் ஒரு காசுக்கு மூன்று நாழி நெல்தான் கிடைத்தது என்று அக்கல்வெட்டே காரணம் சொல்கிறது. அடிமைமுறையைச் சாதியின் வழக்கமாக மட்டும் காண்போர் இச்சான்றைக் கவனிக்க வேண்டும். நிலமுடைய சாதியில் பிறந்த ஒருவரும் உணவில்லாத காலத்தில் தம்மை விற்கும் நிலைக்கு வந்தார். பஞ்ச காலத்தில் களஞ்சியத்தைத் திறந்து ஊர்மக்களைக் காப்பது எவர் கடமை என்ற கேள்விக்கு மன்றத்திடம் விடை இல்லாத இடத்தில் அடிமையோலை விடையாக வந்தது. பொதுச் சேவை இல்லாமையும் அடிமைத்தனமும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

திருவரங்கத்தில் நிலைமை இன்னும் சற்று வேறுபட்டது. அங்கே பல நூற்றாண்டுகள் ஊரின் பெரும்பகுதிப் பொதுப்பணி கோயிலின் வழியாகவே நடைபெற்றது. கோயிலின் நிருவாக வரலாற்றைக் கூறும் 'கோயிலொழுகு' என்ற நூல் இராமானுசர் கோயிற்பணிகளைச் சீரமைத்ததையும், பணியாளர் கொத்துகளாக, அதாவது பரம்பரை உரிமையும் கடமையும் வரையறுக்கப்பட்ட குழுக்களாக, வகுக்கப்பட்டதையும் விவரிக்கிறது. கோயிலின் ஆரோக்கியசாலை, அதாவது மருத்துவச்சாலை, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் புதுப்பிக்கப்பட்டதும் தன்வந்திரி சன்னிதி அதனோடு தொடர்புற்றிருந்ததும் கல்வெட்டால் அறியப்படுகின்றன. வெள்ளம், படையெடுப்பு, பஞ்சம் ஆகியவற்றுக்கிடையே இத்தகைய ஏற்பாடுகளைக் காத்துவந்தது எளிய செயலன்று. எனினும் கோயிலின் திருவிடையாட்டமாக, அதாவது பெருமாள் கோயிலுக்கு உரிய நிலமாக, இருந்த நன்செய்களில் உழுதவர்கள் எந்தக் கொத்திலும் இடம்பெறவில்லை.

1801ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது திருச்சிராப்பள்ளி மாவட்டத்து நன்செய் வட்டங்களில் நிலவிய உழைப்புமுறை வருவாய் அதிகாரிகளின் பார்வைக்கு வந்தது. 1819இல் சென்னை வருவாய் வாரியம் அடிமைமுறை பற்றி மாவட்டக் கலெக்டர்களிடம் அறிக்கை கேட்டபோது திருச்சிராப்பள்ளியின் கலெக்டராயிருந்த சி. எம். லஷிங்டனும் விடையளித்தார். வானம் பார்த்த புன்செய்ப் பகுதிகளைவிட ஆற்றுப் பாசனம் பெற்ற நன்செய்ப் பகுதிகளிலேயே அடிமைமுறை வேரூன்றியிருந்தது என்பதும், மிராசுதார்களின், அதாவது நிலத்தில் பரம்பரை உரிமை பெற்றோரின், வயல்களில் பள்ளர், பறையர் சமூகத்தவர் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டிருந்தனர் என்பதும் அக்கால ஆவணங்களிலிருந்து தெளிவாகின்றன. நெல் வயலுக்கு நாற்று நடவும் களையெடுப்பும் அறுவடையும் குறித்த நாட்களில் பெருந்தொகையான ஆட்களைக் கோருவன. அந்த நாட்களில் ஆள் தவறாமல் கிடைக்க வேண்டும் என்ற தேவையே ஆண்டு முழுவதும் ஆளைக் கட்டிவைக்கும் முறைக்குப் பொருளியல் அடிப்படையாயிற்று. வளமான ஆற்றுப்படுகையே மனிதரை இறுகக் கட்டிய இடமாகவும் ஆனது.

கம்பெனி அரசு வருவாய் இழப்பை அஞ்சியும் நிலவுடைமையாளரின் மனத்தாங்கலை அஞ்சியும் நீண்டகாலம் தயங்கிய பின் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தை இயற்றியது. எந்த அரசு அலுவலரும் வரிபாக்கிக்காகவோ நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றவோ மனிதரை விற்கக் கூடாது, அடிமையுரிமையை எந்த நீதிமன்றமும் ஏற்கக் கூடாது, அடிமை என்ற காரணத்தால் எவருடைய சொத்தும் பறிக்கப்படக் கூடாது, சுதந்திர மனிதருக்குச் செய்தால் குற்றமாகும் செயல் அடிமை என்று கூறப்படுபவருக்குச் செய்தாலும் குற்றமே என்பன அதன் நான்கு பிரிவுகள். மனிதரை வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தால்தான். சட்டம் அடிமையோலையைச் செல்லாததாக்கியது, ஆனால் விடுபட்டவருக்கு ஒரு குழி நிலமோ குடியிருக்க மனையோ தரவில்லை. நின்ற குடிசையின் மண்ணும் மிராசுதாருடையதாகவே இருந்தது. ஆகவே ஓலையின் இடத்தில் கடன் வந்து அமர்ந்தது. திருமணத்துக்கோ சாவுச் சடங்குக்கோ வாங்கிய சிறுதொகைக்காகப் பண்ணையாளாக, அதாவது ஒரே நிலவுடைமையாளரிடம் ஆண்டு முழுவதும் வேலை செய்யக் கடமைப்பட்டவராக, தந்தையும் அவருக்குப் பின் மகனும் உழைத்தனர். 1859ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்தமீறல் சட்டமோ முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுச் செல்பவரைச் சிறைக்கு அனுப்பவும் வழிவகுத்தது. அடிமைமுறையை ஏற்க மறுத்த அதே அரசு பதினாறு ஆண்டுகளுக்குள் கடனடிமைத்தனத்துக்குக் காவல் நின்றது என்பதே இதன் பொருள். அச்சட்டம் 1925இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாகவே நீக்கப்பட்டது.

குடிமராமத்து என்ற வழக்கமும் இக்காலத்தில் புதிய உருவம் பெற்றது. ஏரி, வாய்க்கால், மதகு ஆகியவற்றைப் பயனாளிகளே கூடி ஆண்டுதோறும் பழுதுபார்க்கும் இவ்வழக்கம் உள்ளூர் ஒத்துழைப்பின் சிறந்த எடுத்துக்காட்டாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால் 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக்கென இவ்வழக்கம் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டபோது அதற்கு வைக்கப்பட்ட பெயர் கட்டாய உழைப்புச் சட்டம் என்பதாகும். வெள்ளத் தடுப்புக்கும், வழக்கப்படி ஊரார் செய்ய வேண்டிய பாசனப் பணிகளுக்கும் ஆட்களைக் கட்டாயப்படுத்தி அழைக்க அது அதிகாரம் அளித்தது. பயன்பெறும் நிலமுடையவர் தம் பங்குக்குத் தம் பண்ணையாளை அனுப்பினார். நீரின் பயன் வயலுக்குரியவருக்குச் சென்றது, கரையில் நின்ற உழைப்பு பண்ணையாளுடையதாயிற்று. 1836க்கும் 1838க்கும் இடையில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டிய மேலணையால் கொள்ளிடத்துக்குள் வீணாகச் சென்ற நீர் காவிரிக்குத் திருப்பப்பட்டு நன்செய் விளைச்சல் உறுதிப்பட்டது. அந்த உறுதிப்பாட்டிலும் உழுதவருக்குரிய பங்கு தானாக உயரவில்லை.

நவீனப் பொருளில் உள்ளூராட்சி மன்றம் என்று சொல்லத் தக்கது 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தோடு தோன்றியது. அதன்படி 1866இல் திருச்சிராப்பள்ளி நகராட்சி அமைந்தது. பதவிவழி உறுப்பினர் இருவரும் நியமன உறுப்பினர் ஒன்பதின்மரும் முதல் மன்றத்தில் இடம்பெற்றனர். 1871இல் திருவரங்கம் தனி நகராட்சியாயிற்று. திருச்சிராப்பள்ளி மன்றத்துக்கு 1877இல் தேர்தல் அறிமுகமாயிற்று, 1889இல் தலைவரும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் வாக்குரிமை வரிசெலுத்தும் திறனைப் பொறுத்திருந்ததால், மன்றத்தில் வழக்கறிஞரும் வணிகரும் நிலவுடைமையாளரும் அமர்ந்தனர். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஓரிலக்கத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்த நகரமும், வைகுண்ட ஏகாதசிக்கு மக்கள் திரளும் திருவரங்கமும் காலராவைத் தடுக்கவும் தெருவைத் தூய்மையாக வைக்கவும் ஒரு நிரந்தர ஏற்பாட்டைச் செய்தாக வேண்டியிருந்தது.

அந்த ஏற்பாடே எடுப்புக் கக்கூஸும் அதன் கழிவைச் சுமந்து சென்ற தோட்டியும் ஆகும். மலத்தைக் கையால் அள்ளிக் கூடையிலும் வாளியிலும் சுமந்து ஊருக்கு வெளியே கொட்டும் இப்பணியை நகராட்சிகள் முறைப்படுத்தியபோது அதற்கெனச் சில சாதியாரையே, தமிழக நகரங்கள் பலவற்றில் அருந்ததியர் சமூகத்தவரை, அமர்த்தின. அவர்களுக்கெனத் தனிக் குடியிருப்பை ஒதுக்கின. தந்தைக்குப் பின் மகன், கணவனுக்குப் பின் மனைவி என்று வேலை குடும்பத்துக்குள்ளேயே தங்கியது. வேலையை விட்டால் வீடும் போகும் என்ற நிலை அவர்களை வேலையோடு பிணைத்தது. சோழர் காலத்து அடிமையோலையில் சந்ததியாரைக் கட்டிய நிபந்தனை இங்கே எழுத்தில் இல்லை. ஆயினும் விளைவில் வேறுபாடு சிறிதாகவே இருந்தது. கிராமத்து அடிமைமுறையிலிருந்து தப்பி நகருக்கு வந்தவருக்கு நகராட்சி ஊதியமும் சீருடையும் ஓர் ஏற்றமாகத் தோன்றியிருக்கக்கூடும் என்பதை மறுக்க இயலாது. எனினும் பொதுமன்றம் ஒன்று, மக்கள் வரிப்பணத்தில், பிறப்பின் அடிப்படையில் ஆட்களைத் தேர்ந்து மிக இழிவான வேலையில் நிறுத்தி வைத்தது என்பதே இந்நகரங்களின் வரலாற்றில் ஆறாத புண்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளி இன்னொரு வகைக் கட்டுழைப்பின் தலைவாசலாகவும் ஆயிற்று. இலங்கைத் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதை ஒழுங்குபடுத்தத் தோட்ட முதலாளிகள் அமைத்த இலங்கைத் தொழிலாளர் ஆணையம் 1904இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டது. திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை மாவட்டங்களின் ஊர்களிலிருந்து கங்காணிகள், அதாவது தோட்டத்துக்கு ஆள் திரட்டி மேற்பார்க்கும் தலைவர்கள், முன்பணம் கொடுத்துக் குடும்பங்களை அழைத்துச் சென்றனர். ஒரு தொழிலாளி தோட்டம் மாறும்போது அவருடைய கடனை எழுதிய துண்டு என்ற சீட்டும் உடன் சென்றது. புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்தே அவரை ஏற்கும். கடனைத் தீர்த்தவரிடமே கடன் தொடரும் என்பதால் ஆள் மாறினாலும் கட்டு மாறவில்லை. துண்டு முறை 1921இல் இலங்கையில் சட்டப்படி ஒழிக்கப்பட்டது, 1922இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது, 1939இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வுக்குத் தடை விதித்தது. இம்முடிவுகளை எடுத்தவை கொழும்பும் தில்லியுமே. ஊரில் நிலமோ வேலையோ உணவோ கிடைத்திருந்தால் கங்காணியின் முன்பணத்தை எத்தனை குடும்பங்கள் மறுத்திருக்கும் என்ற கேள்விக்குரிய விடையோ உள்ளூர் வாரியங்களின் கையில் இருந்தது.

பொதுவசதியில் சம உரிமை கேட்கும் குரல் மன்றங்களுக்குள் நுழைந்தது 1920களில்தான். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலை, கிணறு, குளம், பொதுக் கட்டடம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்தும் உரிமையை உறுதிசெய்ய, அரசு அதை ஆணையாக வெளியிட்டது. நகராட்சியின் குழாய்நீரை எடுக்கவும் ஆணை தேவைப்பட்டது என்பதே அக்கால நிலைமைக்குச் சான்று. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் பதினேழாம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. இருபத்துமூன்றாம் உறுப்பு மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடைசெய்தது. 1952இல் தஞ்சை மாவட்டத்துக்கெனப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1958இல் திருச்சிராப்பள்ளிக்கெனக் கையேருவாரம், மாட்டுவாரம் என்னும் இருவகை வாரச் சாகுபடி பற்றிய சட்டமும் வந்தன. உழுபவரின் பங்கைச் சட்டமே வரையறுக்க முன்வந்தது இப்பகுதியின் வேளாண் வரலாற்றில் பெரிய திருப்பம்.

கடனடிமைத்தனத்தைப் பெயர் சொல்லி ஒழித்தது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து மறு ஆண்டில் முழுச் சட்டமாயிற்று. முன்பணத்துக்கு ஈடாக ஒருவரோ அவர் குடும்பத்தாரோ உழைக்கவும், வேறு வேலை தேடவோ விரும்பிய இடம் செல்லவோ இயலாமல் இருக்கவும் நேரும் எல்லா ஏற்பாடும் செல்லாது, அக்கடனும் செல்லாது என்று அச்சட்டம் அறிவித்தது. கடன் கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர்மீதே சுமத்தியது அதன் மிக நுட்பமான பிரிவு. மீட்கப்பட்டவருக்கு வழங்கப்படும் விடுதலைச் சான்றிதழ் அவர் கடனிலிருந்து விடுபட்டதற்கு ஆவணம். ஆனால் செயற்பொறுப்பு மாவட்ட ஆட்சியரிடமும் கோட்டாட்சியரிடமும் வைக்கப்பட்டது. மாவட்ட, கோட்ட அளவில் அமையும் விழிப்புக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடியினர் மூவர், சமூகப் பணியாளர் இருவர், ஊரக வளர்ச்சி நிறுவனப் பிரதிநிதிகள், நிதி நிறுவனத்தின் பிரதிநிதி ஆகியோருக்கு இடமுண்டு. நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் அந்த நிலையில் இருக்கை ஒதுக்கப்படவில்லை. செங்கல் சூளை எங்கே எரிகிறது, கல்குவாரியில் எந்த ஊர்க் குடும்பம் தங்கியிருக்கிறது, அரிசி ஆலைக்குப் பின்புறக் கொட்டகையில் யார் உறங்குகிறார் என்பதை முதலில் அறிபவர் ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினருமே. சட்டம் அவர்களைக் கேட்காமல் விட்டது ஒரு பெருங்குறை.

இக்குறையின் விளைவைத் திருச்சிராப்பள்ளிப் பகுதியின் செயற்கை வைரம் பட்டைதீட்டும் தொழிலில் காணலாம். ஊர்கள்தோறும் வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் பரவிய இத்தொழிலில் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகச் சிறுவர் சிறுமியர் சுழலும் சக்கரத்தின் முன் அமர்த்தப்பட்டதை 1996இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியக் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கை பதிவுசெய்தது. பட்டறைகள் மறைவான இடத்தில் இயங்கவில்லை. ஊரின் நடுவே, பள்ளிக்கு அருகிலேயே இயங்கின. பள்ளிக்கு வராத குழந்தையைத் தேடிச் செல்வதும், சக்கரம் சுழலும் வீட்டின் கதவைத் தட்டுவதும் உள்ளூர் மன்றம் செய்யக்கூடிய வேலை.

மன்றங்களின் தோற்றமே மாறியது 1990களில். அரசமைப்பின் 73ஆம், 74ஆம் திருத்தங்களுக்குப் பின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் திருச்சிராப்பள்ளி மாநகராட்சிச் சட்டமும் 1994இல் வந்தன. திருவரங்கம், பொன்மலை நகராட்சிகள் திருச்சிராப்பள்ளியோடு இணைந்து மாநகராட்சி உருவானது. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கீடு கட்டாயமாகி, பின்னர் பெண்களின் பங்கு பாதியாக உயர்ந்தது. இன்று 65 வார்டுகளின் உறுப்பினர் அமரும் மாமன்றத்தில், துடைப்பம் பிடித்தவரின் பேத்தியும் தீர்மானத்தை முன்மொழிய முடியும். உத்திரமேரூரின் கால்வேலித் தகுதியிலிருந்து இந்த நிலைக்கு வந்த தொலைவு சிறிதன்று.

துப்புரவுத் துறையில் இதன் பயன் ஓரளவு தெரிந்தது. 1993இல் கையால் மலம் அள்ளுவோரை அமர்த்துவதும் உலர் கழிப்பறை கட்டுவதும் தடைசெய்யப்பட்டன. 2013ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சி மன்றங்களையே நேரடியாகப் பெயரிட்டு, சுகாதாரமற்ற கழிப்பறைகளையும் அவற்றில் பணியாற்றுவோரையும் கணக்கெடுக்கும் கடமையை அவற்றின்மேல் சுமத்தியது. 1976இன் சட்டம் செய்யத் தவறியதை இது செய்தது. இதற்கு முன்பே திருச்சிராப்பள்ளியில் கிராமாலயா என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு குடிசைப் பகுதிகளின் பொதுக் கழிப்பறைகள் அப்பகுதிப் பெண்கள் குழுக்களின் பொறுப்பில் விடப்பட்டன. சிறு கட்டணம் வாங்கி, கணக்கு எழுதி, பராமரிப்பவருக்கு ஊதியம் கொடுத்து அக்குழுக்கள் நடத்திய முறையால், 2002இல் கல்மந்தை குடிசைப் பகுதி திறந்தவெளி மலங்கழித்தல் அறவே நீங்கிய இடமாக அறிவிக்கப்பட்டு நாடு முழுவதும் கவனம் பெற்றது. சேவையைப் பெறுபவரே அதை நடத்துபவராகவும் கணக்குக் கேட்பவராகவும் ஆனதே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

ஆனால் 2016இல் இந்தியாவின் தூய்மையான நகரங்களுள் மூன்றாமிடம் பெற்ற நகரத்தில் தூய்மைப் பணியாளரின் உழைப்பு எந்த நிபந்தனையின்பேரில் பெறப்படுகிறது என்ற கேள்வி அதன்பின்னும் எஞ்சியது. நிரந்தரப் பணியிடங்கள் குறைந்து ஒப்பந்த நிறுவனங்களின் வழியே ஆள் அமர்த்தும் முறை தமிழக மாநகராட்சிகளில் பரவியிருக்கிறது. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் உழைப்பு அரசமைப்பின் இருபத்துமூன்றாம் உறுப்பின்கீழ்க் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் வெளிச்சத்தில் பார்த்தால், ஒப்பந்தக்காரர் கூலியைப் பிடித்தம் செய்யும்போது அதைக் கண்காணிக்காத மன்றமும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. பாதாளச் சாக்கடையில் இறங்கி உயிரிழந்தோர் குடும்பத்துக்கு இழப்பீட்டை 2014இல் பத்து இலட்சமாகவும் 2023இல் முப்பது இலட்சமாகவும் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்தது. மனிதரை இறக்காமல் இயந்திரத்தை வாங்கும் முடிவு ஒவ்வொரு மன்றத்தின் வரவுசெலவுத் திட்டத்துக்குள் எடுக்கப்பட வேண்டியது.

ஒப்பீட்டுக்குப் பிரிட்டனைக் காணலாம். 2015ஆம் ஆண்டின் நவீன அடிமைமுறைச் சட்டத்துக்குப் பின் அந்நாட்டின் உள்ளூர் மன்றங்கள், அடிமைநிலையில் சிக்கியவராகத் தோன்றுபவரைக் கண்டால் உள்துறைக்குத் தெரிவிக்கும் சட்டக் கடமையைப் பெற்றன. வீட்டுவசதி, உணவக உரிமம், கட்டட ஆய்வு ஆகியவற்றுக்காக வீடு வீடாகச் செல்லும் மன்ற ஊழியரே முதலில் காண்பவர் என்பதே அதன் காரணம். பல மன்றங்கள் தம் ஒப்பந்தங்களில் கட்டாய உழைப்பு இல்லை என்ற உறுதிமொழியையும் கேட்கின்றன. திருச்சிராப்பள்ளி மாநகராட்சிக்கும் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும் தொழில் உரிமம் வழங்கும், சுகாதார ஆய்வு செய்யும், கட்டட அனுமதி அளிக்கும் அதிகாரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அரிசி ஆலைக்கோ சூளைக்கோ ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் தொழிலாளியிடம் 'நீங்கள் விரும்பினால் நாளை வேறிடம் போக முடியுமா?' என்று கேட்டு, விடையைக் கோட்டாட்சியருக்கு எழுத எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை. மீட்கப்பட்டவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் மத்தியத் திட்டப்படி உடனடி உதவித்தொகையும் ஓரிலக்கம் முதல் மூன்றிலக்கம் ரூபாய் வரையான மறுவாழ்வுத் தொகையும் உண்டு. ஆனால் மனைப்பட்டா, குடிநீர் இணைப்பு, வேலை உறுதித் திட்ட அட்டை, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றை ஊர் மன்றம் விரைவாகச் செய்து தராவிட்டால் அத்தொகை தீர்ந்ததும் அதே சூளைக்கே குடும்பம் திரும்பும். 1843இன் சட்டம் நிலமும் மனையும் தராமல் விட்டதன் விளைவு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் தமிழகத்து ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. நகர்ப்புறங்களில் 2022 முதல் பகுதி சபைகளும் கூடத் தொடங்கியிருக்கின்றன. திருவரங்கம் வட்டத்திலும் இலால்குடியிலும் மண்ணச்சநல்லூரிலும், மாநகராட்சியின் ஒவ்வொரு வார்டிலும் கூடும் இச்சபைகளில் சாலை, குழாய், விளக்கு குறித்துக் கேள்வி எழுப்பும் மக்கள், அந்தச் சாலையைப் போட்டவருக்கும் குப்பையை எடுத்தவருக்கும் இந்த மாதக் கூலி முழுமையாகக் கிடைத்ததா, ஊரின் சூளையிலும் ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டவர் எவரேனும் இருக்கிறாரா என்ற கேள்விகளையும் எழுப்பி, விடையைத் தீர்மானமாக எழுதச் சொல்ல வேண்டும்.